கடை திறந்திருக்கு

அந்தக் கல் குவாரியில் ரேடியோ என்றால் எல்லோருக்கும் தெரியும். சொந்தப் பெயர் அடையாள அட்டையில் மட்டும்தான் இருந்தது. கோபம் வந்தால் மனைவிகூட, “ரேடியோவைக் கொஞ்சம் அணைக்கிறீங்களா?” என்றுதான் கேட்பாள். நாற்பத்தாறு வயது. பத்துச் சக்கர லாரியில் ஜல்லி ஏற்றிக்கொண்டு நகரத்துக்குப் போய் வருவது இருபத்திரண்டு வருடத் தொழில். பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் வண்டியோடு பேசிக்கொண்டு போவார்.

வீடு குவாரிக்கு அருகிலேயே இருந்ததால் காலையில் முதல் லோடு அவருடையது. நாற்பதாவது கிலோமீட்டரில் லாரிகளைத் தராசில் ஏற்றி எடை போடும் நிலையம் இருந்தது. முதலாளியோ எந்த வண்டியையும் ஐந்தாறு டன் கூடுதலாக ஏற்றாமல் வெளியே விடமாட்டார். பிடிபட்டால் அபராதம் ஓட்டுநர் தலையில்தான் விழும். நிலையத்துக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் இடது பக்கம் ஒரு மலைச் சாலை பிரியும். மேல் ரோடு என்பார்கள். ஏறி, வளைந்து, ஒரு சின்ன ஊருக்குள் இறங்கி, நிலையத்தைத் தாண்டி மறுபடி நெடுஞ்சாலையில் சேரும்.

பிரிவில் நின்று எட்டிப் பார்த்தால் நிலையத்தின் கூரையில் மஞ்சள் விளக்கு எரிகிறதா என்று தெரிந்துவிடும். ரேடியோ பார்த்துவிட்டு, பின்னால் வரும் முப்பது ஓட்டுநர்களுக்கும் செல்போன் குழுவில் குரல் செய்தி அனுப்புவார். விளக்கு எரிந்தால், அதாவது சோதனை நடந்தால், “கடை திறந்திருக்கு”, எரியாவிட்டால் “கடை சாத்தியாச்சு”. கூடவே ஒரு கிண்டல், வானிலை, பாதையில் எங்கே மாடு படுத்திருக்கிறது என்கிற தகவல். அந்தக் குரலைக் கேட்காமல் யாரும் பிரிவைத் தாண்டுவதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மழை விட்ட ஒரு செவ்வாய்க்கிழமை. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ரேடியோ மேல் ரோட்டில் ஏறினார். இறக்கத்தில் மூன்றாவது வளைவில் சாலையின் ஓரம் அரித்துப்போய், மண்ணும் கல்லும் பாதி வழிக்கு வழிந்து கிடந்தன. இரண்டாவது கியரில் போட்டு, பிரேக்கை விட்டு விட்டு மிதித்து, ஆமை போல இறக்கினார். கீழே வந்து நிறுத்தியபோது சக்கரங்களிலிருந்து கருகிய வாடை அடித்தது. சட்டை நனைந்திருந்தது.

வண்டி சூடு தணியட்டும் என்று இறங்கி நின்று போனை எடுத்தார். “கடை திறந்திருக்கு. மேல் ரோட்டுல வாங்க. இன்னைக்குக் கடையில கூட்டம் அதிகம், எல்லாரும் நல்ல பிள்ளையா சுத்தி வாங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தபோதே மகள் அழைத்தாள். கல்லூரி விண்ணப்பத்தில் கையெழுத்து வேண்டுமாம், இன்றே கடைசி நாளாம். செய்தியை அப்படியே அனுப்பிவிட்டு மகளோடு பேசினார். பேசி முடித்து வண்டியில் ஏறியபோது மனம் முழுக்க விண்ணப்பம்தான் இருந்தது. வளைவைப் பற்றி அவர் சொல்லவில்லை.

ஒன்றரை மணி நேரம் கழித்து அந்த வளைவுக்கு அடுத்ததாக வந்தது கண்ணாடியின் லாரி. தடித்த மூக்குக் கண்ணாடி போட்டவர் என்பதால் அந்தப் பெயர். ரேடியோவும் அவரும் ஒரே வருடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். சரிந்து கிடந்த மண்ணைப் பார்த்து அழுத்தி மிதித்தார். ஏற்கெனவே சூடேறியிருந்த பிரேக் பிடிக்கவில்லை. கீழே ஊர்த் தெரு, கடைகள், ஆள் நடமாட்டம். அவர் ஸ்டியரிங்கை ஒடித்து வண்டியை மலைப் பக்கம் மோதவிட்டார். தெருவில் ஒருவருக்கும் கீறல் இல்லை. அவருக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

உயிர் தப்பியதே பெரிது என்று எல்லோரும் சொன்னார்கள். அன்றைய குரல் செய்தியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ரேடியோ மட்டும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தன் குரலைத் தானே திரும்பத் திரும்பக் கேட்டார். மொத்தம் பத்தொன்பது விநாடி. “மூணாவது வளைவு பாத்து” என்று சொல்ல இரண்டு விநாடி கூட ஆகாது.

நான்காம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனார். கண்ணாடியின் மனைவி வராந்தாவில் நின்றாள். “வாங்கண்ணே, உங்களைத்தான் நேத்துலேர்ந்து கேட்டுட்டு இருக்கார்” என்று உள்ளே அனுப்பினாள். மூக்குக் கண்ணாடி இல்லாத நண்பரின் முகம் யாரோ அந்நியர் முகம் போல இருந்தது. ரேடியோ தலை குனிந்தபடி, அந்த வளைவைத் தான் பார்த்ததாகவும், சொல்ல மறந்துவிட்டதாகவும் சொன்னார்.

“தெரியும்டா” என்றார் கண்ணாடி. “எனக்கு முன்னாடி நீதானே அதுல போனே. ஆம்புலன்ஸ்ல வர்றப்போ அதையேதான் நினைச்சுட்டு வந்தேன். இவன் பாத்திருப்பானே, ஏன் சொல்லலைன்னு.”

ரேடியோ கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“சொல்லியிருந்தாலும் நான் அதுலதான் வந்திருப்பேன். தராசுல ஏற முடியுமா? அதுவும் தெரியுது. ஆனா மனசு கேக்கலை. கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராதே.”

சரி என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். வாங்கி வந்த பழப் பையைக் கொடுக்க மறந்து, பேருந்து நிலையம் வரை அதைக் கையிலேயே வைத்திருந்தார்.

மறு வாரம் முதலாளி அழைத்தார். மேசைமேல் விபத்து விசாரணைக்கான ஒரு தாள் தயாராக இருந்தது. வண்டியில் அளவான பாரம்தான் ஏற்றப்பட்டது, கண்ணாடி தன் இஷ்டத்துக்குத்தான் மேல் ரோட்டில் போனார், இதுதான் சாரம். சக ஓட்டுநர் என்ற முறையில் ரேடியோ கையெழுத்துப் போட வேண்டும். ஏற்கெனவே நான்கு பேர் போட்டிருந்தார்கள். கண்ணாடிக்கு ஏதாவது உதவி செய்வதாகவும் முதலாளி சொன்னார், ஆனால் என்ன உதவி என்று சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று ரேடியோ எழுந்து வந்தார்.

வீட்டில் மனைவி எல்லாவற்றையும் கேட்டாள். மகளின் படிப்பு இப்போதுதான் தொடங்குகிறது என்பது இருவருக்கும் தெரியும். பிறகு, “போட்டுட்டு வந்தா நீங்க இந்த வீட்டுல நிம்மதியா உக்காந்து சாப்பிடுவீங்களா? எனக்குத் தெரியலை, அதான் கேக்கறேன்” என்றாள்.

ரேடியோ கையெழுத்துப் போடவில்லை. விசாரணை அதிகாரியிடம் போய்ப் போனை மேசைமேல் வைத்தார். இரண்டு வருடச் செய்திகள் அதில் இருந்தன. தன்னுடைய பத்தொன்பது விநாடியை முதலில் போட்டுக் காட்டினார். அப்புறம் அதே குழுவில் முதலாளி அனுப்பிய குரல்: “கடை திறந்திருந்தா மேல் ரோட்டுல போங்க. தராசுல ஏறினவன் திரும்பக் குவாரிக்கு வர வேண்டாம்.” அந்தப் பெண் அதிகாரி அதை இரண்டு முறை போட்டுக் கேட்டார். உங்கள் மேலும் நடவடிக்கை வரும், தெரியும்தானே என்று கேட்டார். தெரியும் என்றார் ரேடியோ.

வந்தது. ஓட்டுநர் உரிமம் மூன்று மாதம் முடக்கப்பட்டது. மேல் ரோட்டின் வாயில் பெரிய வண்டிகள் நுழையாதபடி இரும்புத் தூண்கள் நட்டார்கள். குவாரியை இரண்டு மாதம் பூட்டி வைத்தார்கள். கண்ணாடிக்கு இழப்பீடு தரச் சொல்லி முதலாளிக்கு உத்தரவு போனது. அவர் மேல்முறையீட்டுக்குப் போனார். சிகிச்சைச் செலவு மட்டும் வந்து சேர்ந்தது.

ஓட்டுநர்கள் ரேடியோவைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் நடந்தார்கள். ஒரே ஒருவர் மட்டும் வீட்டு வாசலுக்கே வந்து நின்று கேட்டார். “உன் மனசு சுத்தமாயிடுச்சு. எங்க வீட்டு அடுப்புக்கு என்ன பதில்?” அவர் கேட்டது நியாயமில்லை என்று ரேடியோவுக்குச் சொல்லத் தோன்றவில்லை. வந்தவருக்கு மூன்று பிள்ளைகள். உள்ளே வாங்க என்று ரேடியோ கூப்பிட்டார், அவர் வராமல் போய்விட்டார்.

உரிமம் திரும்பக் கிடைத்ததும் ஒரு சிமெண்ட் கிடங்கில் வேலை கிடைத்தது. சின்ன வண்டி, மூட்டையை எண்ணி ஏற்றுவார்கள். சம்பளம் முன்பைவிடக் குறைவு. வாய் ஓயாதவர், இப்போது கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். கிடங்கில் யாருக்கும் அவருடைய பழைய பெயர் தெரியாது.

ஏழு மாதம் கழித்து, ஒரு மதிய நேரம், மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கண்ணாடி.

“எங்க இருக்கே?”

“கிடங்குல.”

“அங்க டிரைவர் வேலை காலியா இருக்கா? என் மச்சானுக்கு. அவனும் குவாரிலேர்ந்து நின்னுட்டான்.”

விசாரித்துச் சொல்வதாக ரேடியோ சொன்னார். கால் எப்படி இருக்கிறது என்று கேட்க வாய் எடுத்து, கேட்கத் துணியவில்லை. அந்தப் பக்கம் தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது. கண்ணாடி போனை வைக்கவும் இல்லை.

“விசாரிச்சுட்டு நேர்லயே வந்து சொல்லு” என்றார் கடைசியில். “ஞாயித்துக்கிழமை வீட்டுலதான் இருப்பேன்.”

ரேடியோ போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மேலாளரின் அறையைப் பார்த்து நடந்தார்.