வழி கேட்டவருக்கு வீட்டு பிளான்

எங்கள் அலுவலகத்தில் அவருக்குப் பெட்டிக்காரர் என்று பெயர். மென்பொருள் வடிவமைப்பாளர். எதைக் கேட்டாலும் பெட்டி வரைந்து, பெட்டிக்குப் பெட்டி கோடு இழுத்துத்தான் பதில் சொல்வார். 'கேள்வியைப் பார்த்துப் படத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்' என்று ஒரு மணி நேரம் பேசக்கூடியவர். அந்தப் பேச்சுக்கும் பெட்டிதான் போடுவார்.

அன்று அவருக்கு நெருக்கடி. அவருடைய முன்பதிவு மென்பொருள் ஒரு மருத்துவமனையில் சோதனை ஓட்டத்தில் இருந்தது. ஒரே மருத்துவர், ஒரே பத்தரை மணி, வாசலில் இரண்டு நோயாளிகள். ஒரு தடவையல்ல, மூன்று தடவை. தலைமைச் செவிலியர் நான்கு மணிக்கு வருகிறார். காரணம் சொல்லாவிட்டால் வேலை மேல்மாடிக் குழுவுக்குப் போய்விடும் என்று மேலாளர் சொல்லிவிட்டார். இரண்டு வருட உழைப்பு.

பெட்டிக்காரர் காலையிலிருந்து யோசித்தது காரணத்தை அல்ல, படத்தை. பாகங்களைக் காட்டும் பெட்டிப் படமா, தகவல் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்ற வரிசைப் படமா, ஒன்று எந்தெந்த நிலைகளைக் கடக்கிறது என்ற நிலைப் படமா? முடிவுக்கு வர முடியாமல், எந்தப் படம் போடலாம் என்று தீர்மானிக்க ஒரு படம் போட்டார். நன்றாகவே வந்திருந்தது. வண்ணம்கூடத் தீட்டியிருந்தார்.

"சார், மணி மூணு," என்றார் பக்கத்து மேசையில் மென்பொருளைச் சோதிக்கும் பெண். "இதுக்குச் சட்டம் போட்டு மாட்டிடலாமா?"

கடைசியில் பழைய பெட்டிப் படத்தையே எடுத்தார். பதினேழு பெட்டிகள். எல்லாம் ஒழுங்காக இருந்தன, சிக்கலே அதுதான்: பிழை எங்கும் தெரியவில்லை. அப்போது மனைவியின் போன். கை காலியில்லாததால் ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏங்க, பிளம்பர் நம்ம வீட்டுக்கு வழி கேட்டா என்ன அனுப்பினீங்க?"

"வீட்டு பிளான்."

"அவரு எந்தத் தெருன்னு கேட்டாரு. சமையலறை எத்தனை அடின்னா கேட்டாரு? அரை மணியா பஸ் ஸ்டாப்புல நின்னுக்கிட்டு நம்ம பெட்ரூமை உத்துப் பாத்துக்கிட்டு இருக்காரு மனுஷன்!"

சோதிக்கும் பெண் மேசைக்கடியில் பேனா தேடப் போனார், வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

பெட்டிக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. செவிலியருக்கும் வேண்டியது மென்பொருளில் எத்தனை பாகம் என்பதல்ல. ஒரு முன்பதிவுக்கு என்னதான் ஆகிறது என்பது. வெற்றுத்தாளில் நான்கு வட்டங்கள் போட்டார்: கேட்டது, உறுதியானது, ரத்தானது, முடிந்தது. மென்பொருள் செய்கிறபடியே அம்புகள் இழுத்தார்.

நான்கு மணிக்கு வந்த செவிலியர் தாளில் விரல் வைத்தார். "ரத்தானதுலேர்ந்து மறுபடி உறுதிக்கு ஒரு அம்பு போகுதே, எதுக்கு சார்?"

"மனசு மாறித் திரும்பக் கேக்கறவங்களுக்கு. பாவமேன்னு நான்தான் வச்சேன்."

"அதுக்குள்ள அந்த நேரம் வேற ஒருத்தருக்குப் போயிருக்குமே. காலியா இருக்கான்னு பாக்குதா?"

பார்க்கவில்லை. பெட்டிக்காரருடைய இரக்கம்தான் இரண்டு பேரை ஒரே நாற்காலிக்கு அனுப்பியிருந்தது.

"சரிபண்ணி நீங்களே கொண்டு வாங்க," என்று அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார் செவிலியர். பதினேழு பெட்டிகளை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை.

ஆறு மணிக்கு மறுபடி மனைவி. "நானே போய் பிளம்பரைக் கூட்டிட்டு வந்தேன். இப்ப உங்க பிளானை வச்சுத்தான் எந்தச் சுவருக்குள்ள பைப் போகுதுன்னு பாக்குறாரு."

"அதுக்குத்தானே அப்பவே அனுப்பினேன்," என்றார் பெட்டிக்காரர்.