அந்தச் சுறாவும் என் பொய்யும்

யுத்தத்துக்கு முந்திய வருடம், என் மூத்தவன் பிறந்து இருபது நாள். எழுந்து நின்றாலே எனக்குத் தலை சுற்றும். பிள்ளை வளர்க்கத் தெம்பில்லாதவள் என்பார்களே என்று பயந்து, யாரிடமும் சொல்லவில்லை.

குருநகரிலிருந்து மீன் கொண்டுவரும் மரியாள், எனக்குப் பால் சுரக்கட்டுமென்று ஒரு சுறாவை எடுத்துவைத்திருந்தாள். வழக்கம்போலப் படலைக்கு வெளியே நின்று கூப்பிட்டாள். எங்கள் வளவுக்குள் அவள் சாதியாரை விடுவதில்லை. மாமி கிணற்றடியில் நின்றதால் பிள்ளையோடு நானே போனேன். பாதி வழியில் முற்றம் சுழன்றது.

கண் விழித்தபோது நான் மண்ணில் கிடந்தேன். பிள்ளை மரியாளின் கையில் இருந்தான்.

"பயப்பிடாதேங்கோ அம்மா. தம்பி விழ முந்திப் பிடிச்சிட்டன்."

சேலையைத் தட்டிக்கொண்டு எழும்பவும் மாமி ஓடிவந்தார்.

"உவளை ஆர் உள்ளுக்கு விட்டது?"

தலை சுற்றி விழுந்தேன் என்று சொல்லியிருக்கலாம்.

"நான் விடேல்லை மாமி. அவளாத்தான் வந்து தூக்கினவள்."

மாமி பிள்ளையைப் பறித்து, அவள் பார்த்திருக்கவே தீட்டுக் கழிய அவன் தலையில் தண்ணீர் வார்த்தார். மரியாள் என்னை ஒருதரம் பார்த்தாள். பிறகு எங்கள் ஒழுங்கைப் பக்கம் அவள் மீன் விற்க வரவேயில்லை.

அவள் விட்டுப்போன சுறாவை மாமி அவித்து உதிர்த்து வறை செய்து தந்தார். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். நன்றாகப் பால் சுரந்தது.