முதலாளி செய்துவைத்த கல்யாணம்

எங்கள் கல்யாணத்தை முதலாளிதான் செய்துவைத்தார். எழுபதுகளின் கடைசி. ஆம்பூரில் தோல் பதனிடும் அவருடைய டேனரிக்குள்ளேயே, தோல் காயப்போடும் மைதானத்தில் பந்தல் போட்டு, ஒரே முகூர்த்தத்தில் எங்களைப் போலப் பல ஜோடிகளுக்குத் தாலி எடுத்துக் கொடுத்தார். நான் அங்கே சுண்ணாம்புத் தொட்டியில் தோல் ஊறப்போடுகிறவன். அப்பா இல்லை, அம்மா கூலிக்கு நாற்று நடுகிறவள். எனக்கெல்லாம் யார் பந்தல் போடுவார்கள்? அன்றைக்கு அவர் எனக்குத் தெய்வமாகத்தான் தெரிந்தார், பொய் சொல்ல மாட்டேன்.

புடவை, வேட்டி, பொட்டுத் தங்கத்தில் தாலி, கூடவே ஒரு பித்தளைக் குடம். குடத்தின் வயிற்றில் முதலாளியின் பெயரை வெட்டியிருந்தார்கள். என் மனைவி தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து வரும்போது அந்தப் பெயர் இடுப்புப் பக்கம் மறையும்படி திருப்பி வைத்துக்கொள்வாள். கேட்டால், "ஊருக்கெல்லாம் படிச்சிக் காட்டணுமா?" என்பாள். கை நீட்டி வாங்கிக்கொண்டு இதென்ன திமிர் என்று எனக்குக் கோபம் வரும்.

அதே மாதம் முதலாளியின் மகளுக்கும் கல்யாணம். பெங்களூரிலிருந்து சீரியல் விளக்கு, மூன்று நாளும் பிரியாணி. கடைசிப் பந்தியில் எங்களுக்கும் இடம் கிடைத்தது. மகள் மேடைக்குப் பூ வாங்கிய செலவில் எங்கள் அத்தனை பேர் கல்யாணமும் முடிந்திருக்கும் என்று மேஸ்திரி சொன்னார், அதுவும் பெருமையாக. அந்த வருடம் எங்களுக்குப் போனஸ் கிடையாது. அதுதான் உங்கள் கல்யாணத்துக்குச் செலவு செய்தாயிற்றே என்று சொல்லிவிட்டார்கள்.

"கடைத்தேங்காய எடுத்து வழிப்புள்ளையாருக்கு ஒடைச்சிட்டு, வள்ளல்னு பேரு வேற," என்றாள் என் மனைவி.

"வாய மூடு. யார் காதுலயாவது வுழப்போவுது," என்றேன்.

சுண்ணாம்பு கையைத் தின்னும். வருடம் போகப் போக என் விரலிடுக்கெல்லாம் புண்ணாகிக் குழி விழுந்தது. சோற்றில் ரசம் ஊற்றிப் பிசைந்தால் உயிர் போகும், என் மனைவிதான் பிசைந்து கொடுப்பாள். எங்களுக்கு மகள் பிறந்தபோது அவளைத் தூக்க எனக்கு ஆசை. என் உள்ளங்கை உரசியதும் வீறிட்டு அழுவாள்.

என் மனைவியின் தம்பி ராணிப்பேட்டைப் பக்கம் புதிதாக வந்த ஷூ கம்பெனியில் சேர்ந்திருந்தான். "மாமா, பெஞ்சுல குந்திக்கினு செய்ற வேலை. கை நனையாது. ஆள் எடுக்கறாங்க, வந்துடு," என்றான்.

போக வேண்டியதுதானே? முடியவில்லை. மேஸ்திரியிடம் மெல்ல வாயைத் திறந்தேன். "தாலி எடுத்துக் குடுத்த மனுசன வுட்டுட்டுப் போறியா? துன்ன சோறு செமிக்குமாடா உனுக்கு?" என்றார். அதுவும் நியாயம்தானே என்று தொட்டிக்கே திரும்பினேன். கூலி உயர்வு கேட்டு எல்லாரும் கேட் வாசலில் உட்கார்ந்த நாளிலும், பந்தலில் தாலி கட்டிய நாங்கள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனோம். "தோ போறாங்க பாரு, மொதலாளி வூட்டு மாப்ளைங்க," என்று தோஸ்துகள் கைதட்டினார்கள். நானும் சிரித்துவைத்தேன். உள்ளே பற்றி எரிந்தது. கடன் என்றால் வட்டியோடு அடைத்துவிடலாம். தர்மத்தை எங்கே கொண்டுபோய் அடைப்பது?

முப்பது வயதுக்கு மேல் கம்பெனியில் எடுக்க மாட்டார்கள் என்று மச்சான் மறுபடி சொல்லியனுப்பினான். எனக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. என் மனைவி மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

"நட, நேரா அவரயே கேக்கலாம். இல்லன்னா அந்தத் தொட்டியிலியே கெடந்து சாவு."

முதலாளி வீட்டு வராந்தாவில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றோம். நன்றி கெட்டவன் என்பாரா, மனசு நொந்துபோவாரா என்று வழியெல்லாம் வார்த்தை தேடிக்கொண்டு போயிருந்தேன். அவர் காபி குடித்துக்கொண்டிருந்தார். வேலையை விட்டுப் போக உத்தரவு வேண்டும் என்றேன்.

"யாருப்பா நீ? எந்த செக்‌ஷன்?"

சுண்ணாம்பு என்றேன். நீங்கள் கல்யாணம் செய்துவைத்தவன் என்றேன்.

"நானா? எப்போ?" என்று பக்கத்தில் நின்ற கணக்குப்பிள்ளையைப் பார்த்தார். அவர் குனிந்து காதில் ஏதோ சொன்னார். "ஓ, அதுவா? இருக்கும், இருக்கும். தாராளமா போப்பா. இதுக்கா இவ்ளோ தூரம் வந்தே?"

அவ்வளவுதான். அவருக்கு நினைவே இல்லை. சிந்திய கவளம் யானைக்குத் தெரியுமா? அவர் தன் சொத்தில் பாதியை அறுத்துக் கொடுத்த மாதிரி, நான் இத்தனை வருடம் என் விரல்களைச் சுண்ணாம்புக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆத்திரம் வந்தது. அது அவர் மேலா, என் மேலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

திரும்பும்போது அவர் கண் என் மகள் மேல் விழுந்தது. எழுந்து வந்து கன்னத்தைத் தட்டினார். "பொண்ணா? கவலப்படாத. பெருசானதும் கூட்டிக்கினு வா. இதுக்கும் நானே ஜாம் ஜாம்னு பண்ணி வெச்சிடறேன்." நிஜமான பிரியத்தோடுதான் சொன்னார்.

என் கைகள் தாமாகக் குவிந்தன. "எல்லாம் உங்க புண்ணியம், மொதலாளி," என்று என் வாய் சொன்னது.

கேட்டைத் தாண்டியதும் என் மனைவி நின்றுவிட்டாள். மகளை என்னிடமிருந்து விலக்கி மறுபக்க இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"இன்னாயா செஞ்சே நீ?" என்றாள். "உன்ன வுட்டுட்டாரு. எம் பொண்ணப் புட்ச்சிக் குடுத்துட்டு வந்துட்டியே."