சிலந்திக்கு அடித்த மருந்து

என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. ஒரு காலையில் அவள் கழுத்தில் சூடு இழுத்ததுபோல் சிவப்பாக ஒரு கோடு. "சிலந்திதாங்க நக்கியிருக்கு" என்றாள் என் மனைவி. கூரை மூலையில் மெல்லிய நீண்ட கால்களோடு தலைகீழாகத் தொங்கும் சிலந்திகளைப் பார்த்தேன். எனக்குச் சந்தேகமே வரவில்லை.

கூலித் தகராறில் அந்த வாரம் ஆட்கள் வயல் வேலைக்கு வரவில்லை. வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்து வீட்டிலேயே கிடந்தது. அதைக் கரைத்து மூலை முடுக்கெல்லாம் அடித்தேன். காய்ந்துவிட்டது என்று எண்ணி, மதியம் நானே அவளை அங்கே படுக்க வைத்தேன். சிறிது நேரத்தில் வாந்தியெடுத்து, நினைவில்லாமல் கிடந்தாள்.

பாபநாசம் ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொன்னேன். ஊசி போட்டுவிட்டு டாக்டரம்மா அவள் கழுத்தைப் பார்த்தார்.

"இது சிலந்தி இல்லீங்க. வயல்லேருந்து லைட்டுக்கு வர்ற சின்னப் பூச்சி, சிவப்பும் கறுப்புமா இருக்கும். மேல நசுங்கினா இப்படி வெந்துபோகும், தானா ஆறிடும். படிச்சவர்தானே நீங்க? வயலுக்கு அடிக்கிறத வீட்டுக்குள்ள அடிப்பாங்களா?"



மூன்றாம் நாள் மகள் கண் விழித்துத் தண்ணீர் கேட்டாள். வீட்டைக் கழுவ நான் மட்டும் திரும்பினேன். தரையெங்கும் கால் மடங்கிய சிலந்திகள். அந்தியில் டியூப்லைட்டைப் போட்டதும் அந்தச் சிவப்புக் கறுப்புப் பூச்சிகள் வழக்கம்போல் வந்து சுற்றின.

இப்போது மூலையில் தொங்கும் சிலந்தியையும், வேலியில் பெருக்கல் குறிபோல் கால் விரித்து உட்காரும் சிலந்தியையும் எனக்கு அடையாளம் தெரியும்; இரண்டும் ஆளை ஒன்றும் செய்யாது. ஆனாலும் மகள் பகலில் கொஞ்சம் அதிகமாகத் தூங்கினால், மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறேன்.