சின்னவளுக்கும் துடக்கு

என் பிள்ளைகள் மூன்று பேருக்கும் அப்பா எழுதுவது. மாமியின் முப்பத்தோராம் நாள் நினைவு மலரான இதை வாசிக்கிற சொந்தபந்தங்களும் பொறுத்துக்கொள்ள வேணும். எனக்கு எழுதிப் பழக்கமில்லை.

உங்கள் மாமி, என் ஒரே அக்கா, புத்தூரில் பிறந்தவர். எங்கள் ஐயா, தகப்பனார், வேளைக்கே கண்மூடிவிட, தோட்டம் இறைத்து என்னை ஆளாக்கியவர். கலியாணம் செய்யவில்லை; கடைசிவரை எங்களோடுதான் இருந்தார். பாலர் பாடசாலையில் படிப்பித்து ஓய்ந்த பிறகு, தாய் தகப்பனோடு இருக்க முடியாத பிள்ளைகளை ஏற்கிற வளர்ப்புப் பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்தார். சனிக்கிழமை கொடிகாமத்தில் வகுப்பு. மற்ற நாட்களில் ஸ்கூட்டியில் அவர்கள் வீடுகளுக்குப் போய் ஆறுதலாகக் கதைத்துவிட்டு வருவார்.

மூன்று வருசத்துக்கு முன், சின்னவளே, நீ வளர்ப்புப் பிள்ளையாக எங்களிடம் வர முதல், நானும் அந்த வகுப்பில் இருந்தேன். ஒருவர் பெருமையாகச் சொன்னார்: "ரீச்சர், வந்த பிள்ளைக்கு நான் ஒரு வேலையும் சொல்லுறேல்லை. ராசாத்தி மாதிரி வைச்சிருக்கிறன்."

"உங்கடை சொந்த மகள்?" மாமி கேட்டார்.

"அவள் முற்றம் கூட்டுவாள்."

"அப்ப மற்றவள் விருந்தாளி. எப்ப போறாளாம்?"

எல்லாரும் சிரித்தோம். நான்தான் பலமாகச் சிரித்தேன். மாமி சிரிக்கவில்லை. "வீட்டிலை நல்லது கெட்டது எது வந்தாலும் பிள்ளையின்ரை பங்கைப் பிள்ளைக்குக் குடுங்கோ" என்றார்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, வகுப்புக்கு வெளிக்கிட்டவர் ஹெல்மெற்றைக் கையில் வைத்தபடி படியில் இருந்தார். "தம்பி, கொஞ்சம் தண்ணி" என்றார். நான் செம்போடு வர முதல் முடிந்துவிட்டது. ஸ்கூட்டி இன்றைக்கும் முற்றத்திலேயே நிற்கிறது.

செத்தவீடு முடிந்த பின்னேரம் சாமியறை இருண்டு கிடந்தது. சாவுத் தீட்டு விழுந்த துடக்கு வீடு, இரத்த உறவான நாங்கள் முப்பத்தொரு நாள் விளக்கேற்றக் கூடாது. சின்னவளே, நான் நெருப்புப்பெட்டியை உன்னிடம் நீட்டினேன்.

"நீ கொளுத்து பிள்ளை. உனக்குத் துடக்கில்லைத்தானே."

நல்லதென்றுதான் நினைத்தேன். நீ பெட்டியை வாங்கவில்லை.

"அப்ப அவ எனக்கு மாமி இல்லையோ, அப்பா?"

உன் அண்ணையும் அக்காவும் வந்து உன் பக்கத்தில் நின்றார்கள். மாமி வகுப்பெடுத்துத் திருத்திய பிழையை அவருடைய செத்தவீட்டிலேயே நான் செய்துவிட்டேன். அன்றைக்குச் சொல்லாததை எல்லாரும் அறிய இங்கே எழுதுகிறேன்: ஓம் பிள்ளை, உனக்கும் துடக்குத்தான்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு வரை எங்களுக்கு மூன்று நேரமும் சாப்பாடு கொண்டுவந்த வளர்ப்புத் தாய் தகப்பன்மாருக்கும், பந்தல் போட்ட அயலாருக்கும் குடும்பமாகக் கைகூப்புகிறோம்.

அன்று நீங்கள் மூவரும் உள்ளே போனபிறகு, நெருப்புப்பெட்டியைக் குசினியில் வைத்துவிட்டு வந்து, சாமியறைக் கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டேன்.