பச்சை வாளுக்கு எந்த விளக்கு?

இன்று மாலை மகளின் பள்ளி நாடகம். அவள்தான் ராணி.

ஃப்ளோரசன்ட் பச்சை பிளாஸ்டிக்கில் நான் அறுத்துச் செய்த வாளுக்கு எல்இடி வாங்க, காலையில் ஆரணி பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடைக்குப் போனோம்.

"போர் வாளாச்சே, சிவப்பு குடுங்க" என்றேன்.

கடைக்கார அம்மா சிவப்பை வைத்துக் காட்டினார். வாள் மங்கலாகத் தெரிந்தது. மகள் முகம் வாடிவிட்டது.

"நீலம் வெச்சிப் பாக்கலாங்க."

"இன்னாங்க, பச்சை வாளுக்கு நீலமா?"

அவர் கடை விளக்கை அணைத்துவிட்டு, பிடியருகே நீல எல்இடியை வைத்தார். வாள் நுனிவரை பச்சையாய்ப் பளீரென்று ஒளிர்ந்தது. "இந்த பிளாஸ்டிக் நீல வெளிச்சத்த வாங்கிப் பச்சையாத் திருப்பிக் குடுக்குங்க" என்றார்.

மேடையில் மகள் வாளை உருவியதும் எதிரி ராஜா வசனத்தை மறந்துவிட்டான்.

"இது எங்க வாங்கனே?" என்று மைக்கிலேயே கேட்டான்.

"எங்கப்பா செஞ்சாரு!"

அதன்பிறகு போரே நடக்கவில்லை. நாடகம் கெட்டதா, நன்றாக முடிந்ததா? நீங்களே சொல்லுங்கள்.