காலியாகாத குப்பி

சீனப் புத்தாண்டான வசந்தப் பண்டிகைக்கு முன்னால் லான்ஜோ நகரில் வீட்டைத் துடைப்பதுபோல தடுப்பூசி ஆய்வகத்தையும் துடைப்பார்கள். செல் வளர்க்கும் வெப்பப்பெட்டிகளில் ஒன்றும் மிஞ்சக்கூடாது. கடைசியாகப் போகிறவர் 'காலி' என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். பத்தொன்பது வருஷமாக அது ஆய்வக உதவியாளர் குவோ ஷுச்சினின் வேலை. இந்த வருஷம் ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில், பின்வரிசைக் குப்பி ஒன்றைக் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டாள். தலையெழுத்து!

வெள்ளெலிக் குட்டியின் சிறுநீரகச் செல்களைக் குப்பியில் வளர்த்து, அவற்றின் மேல் கோமாரி வைரஸை ஊற்றுவாள். இரண்டே நாளில் செல்கள் செத்து மிதக்கும். அந்த நீரில் பெருகிக் கிடக்கும் வைரஸிலிருந்துதான் மாட்டுக்குத் தடுப்பூசி. ஆனால் பத்து நாள் விடுமுறை முடிந்து வந்து பார்த்தால், வைரஸ் ஊற்றி மறந்த குப்பியில் செத்த குப்பைக்கு நடுவே ஏழெட்டுச் செல் திட்டுகள் உயிரோடு ஒட்டிக்கொண்டிருந்தன.

"வைரஸ் கம்மியா ஊத்தியிருக்கீங்க அக்கா," என்றார் டாக்டர் நியே. அவளைவிடப் பதினைந்து வயது இளைய மேலதிகாரி. "காலின்னு பொய்க் கையெழுத்து வேற. தூக்கி ஆட்டோகிளேவ்ல போட்டு அவிச்சுத் தள்ளுங்க. மார்ச்ல உங்க ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கச் சொல்லி நான் எந்த மூஞ்சியோட எழுதறது?"

"கையெழுத்து என் தப்புதான் டாக்டர். அளவு தப்பில்ல. அதுங்க சாகலேன்னா என் தலையிலதான் விடியணுமா? மூணு வாரம் குடுங்க, வளர்த்துக் காட்டறேன்."

"ரெண்டு வாரம். அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது."

தினமும் சத்துநீர் மாற்றும்போதெல்லாம் குப்பியைத் திட்டித் தீர்த்தாள். "என் சோத்துல மண்ணள்ளிப் போட்டீங்கல்ல? தின்னு தொலைங்க!" அவை தின்றன, குப்பியின் அடி முழுக்கப் பரவின.

பன்னிரண்டாம் நாள் பழைய வகைச் செல்களையும் இவற்றையும் அருகருகே வைத்தாள். "இந்தத் தடவை நீங்களே ஊத்துங்க. அப்புறம் என் கையைக் குறை சொல்லாதீங்க." நியே ஐந்து மடங்கு வைரஸை ஊற்றினார். இரண்டு நாளில் பழையவை அத்தனையும் செத்து மிதந்தன. இவை அசையவில்லை.

நியே நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுக்க வெகுநேரமாயிற்று. "வைரஸ் உள்ள வர்ற வாசலையே அடைச்சுட்டுதுங்க போல. எப்படின்னு தெரிஞ்சா நோய் எந்த வழியா நுழையுதுன்னே பிடிச்சிடலாம்," என்று முனகினார். அவளைப் பற்றி எழுதி வைத்திருந்த புகார்த் தாளைக் கிழித்துப் போட்டார். "அக்கா, இதுக்கு முன்னாடி இப்படி ஏதாவது பிழைச்சிருக்கா?"

ஷுச்சினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன் பிழைக்காம? வருஷத்துக்கு நாலஞ்சு! ஒவ்வொண்ணையும் கொண்டாந்து காட்டினேன். 'வைரஸ் கம்மி, தூக்கிப் போடு'ன்னார் உங்களுக்கு முன்னாடி இருந்தவர். நீங்களும் அதையேதான் சொன்னீங்க. இது ஒண்ணைத்தான் தூக்கிப் போட மறந்துட்டேன். அதான் பிழைச்சுது."